பாழ்கிணற்றுக் கண்ணாடிகள்

உ
சிவமயம்

சண்டிலிப்பாய்
20.01.2025

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

பிள்ளையாரின் காவலில் இங்கே இவரும் நானும், அடுத்த வளவில் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் நோவுக்கு அவரே ஒரு மருந்து காட்டவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். பொங்கலுக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய பனங்கட்டியும் ஒடியலும் வந்து சேர்ந்தன. பனங்கட்டியில் பாதியைப் பொங்கலுக்கு, மீதியை மாசி முடியும்வரை இவருடைய தேத்தண்ணிக்கு என்று பிரித்து வைத்தேன். தேத்தண்ணிப் பங்கு பொங்கல் வாரத்திலேயே முடிந்துவிட்டது.

கையில் தொலைபேசி இருக்க, கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பீர்கள். நான் சொல்வதை உங்கள் ஒழுங்கைத் தெரு முழுவதும் கேட்கும். இது நமக்குள் இருக்கவேண்டிய கதை. மருமகனிடம் நானே போய்ச் சொல்வது முறையில்லை. நிவேதனா சொன்னால் புருஷன் பெண்சாதிக்குள் சண்டை. அதனால் பெற்ற தாயிடம் வருகிறேன்.

கார்த்திகைப் புயலில் மருமகன் பூட்டிக்கொடுத்த சோலர் பனல்கள் பல வீடுகளில் உடைந்தது உங்களுக்குத் தெரியும். சிலவற்றின்மேல் தென்னை விழுந்தது, சில காற்றில் கழன்று பறந்தன. பாவம், பிள்ளை மழைக்குள் ஓடி ஓடி எல்லாருக்கும் புதியதை மாற்றிக்கொடுத்தார். உடைந்தவற்றை நிவேதனாவின் வளவில் அடுக்கி வைத்திருந்தார். பழைய இரும்புக்காரர் வந்து சுற்றியிருந்த அலுமினியச் சட்டங்களைக் கழற்றிக்கொண்டு, கண்ணாடித் தகடுகளை விட்டுப் போனார். பொங்கலுக்கு முதல் நாள் பார்த்தால் வளவு துப்புரவாக இருந்தது. எனக்குச் சந்தோஷம். பிறகு வாழைக்குலை வெட்டப் போன இடத்தில்தான் கண்டேன். அத்தனையும் பாழ்கிணற்றுக்குள் கிடக்கின்றன.

அந்தக் கிணறு நாங்கள் நிவேதனாவுக்குச் சீதனமாகக் கொடுத்த காணிக்குள்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் நல்ல தண்ணீர்க் கிணறு வேலிக்கு இந்தப் பக்கம், சில எட்டு தூரத்தில். ஒழுங்கையில் மற்றக் கிணறுகள் உவர் என்பதால் எல்லாரும் குடிக்கவும் சமைக்கவும் எங்களிடம்தான் அள்ளுகிறார்கள். காலையில் பிள்ளையாருடைய அபிஷேகக் குடமும் இங்கிருந்துதான் போகிறது. அந்தத் தகடுகளுக்குள் கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்திருக்கிறார்கள். முழுதாகக் கூரையில் இருக்கும்வரை பயமில்லை. உடைந்து தண்ணீருக்குள் ஊறினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையலாம் என்று படித்தேன். எவ்வளவு கரையும், எப்போது கரையும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை ஊருக்குக் குடிக்கக் கொடுக்க மனம் வரவில்லை.

நீங்கள் பக்குவமாக ஒரு சொல் சொன்னால் மருமகன் தட்டமாட்டார். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லவேண்டாம்.

அன்புடன்,
சோ. வசந்தினி


கரவெட்டி
31.01.2025

அன்புச் சம்பந்திக்கு,

கடிதம் கண்டேன். ஸ்பீக்கர் போடாமலே விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயரூபன் வந்தான். நான் உங்கள் பெயரையே எடுக்கவில்லை. வடை சுட்டுக்கொண்டு சும்மா கேட்கிற மாதிரி, "உடைஞ்ச பனலெல்லாம் என்னடா செய்தனி?" என்றேன்.

"மாமி எழுதினவவோ?" என்றான்.

எனக்குப் பொய் சொல்ல வராது. எண்ணெய் புகையுது என்று அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன்.

அவன் சொல்வதையும் கேளுங்கள். "அம்மா, உது கண்ணாடிக்கும் பிளாஸ்ரிக்குக்கும் நடுவிலை இறுக்கி ஒட்டின சாமான். மழையும் வெயிலும் இருவத்தைஞ்சு வருஷம் தாங்குமெண்டு எழுதித் தாறாங்கள். கிணத்துக்குள்ளை கிடந்தா சீனி மாதிரிக் கரைஞ்சு போடுமோ? கொழும்பிலை எடுக்கிற ஆக்கள் இருக்கினம்தான். ஒரு லொறி நிறையச் சேர்ந்தால்தான் வருவினம். அதுவரைக்கும் நான் தலையிலையோ வைச்சிருக்கிறது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எங்கள் வீடு கல்லுக் குவியலாகக் கிடந்தது. அந்தக் கல்லையும் ஓட்டையும் பாழ்கிணற்றுக்குள் கொட்டித்தான் வளவைத் துப்புரவாக்கினோம். வடமராட்சியில் அப்படிச் செய்யாத வீடு எது? பாழ்கிணறு இருப்பதே அதற்குத்தானே.

இன்னொன்று. மனதில் வைத்திருக்காமல் கேட்டுவிடுகிறேன். காணியைச் சீதனமாகத் தந்துவிட்டு, கிணற்றை மட்டும் நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்களா? அவன் தன் வளவில் ஒரு குப்பை போடவும் உங்களிடம் கேட்கவேண்டுமா?

கோபமாக எழுதவில்லை. என் எழுத்து அப்படித்தான் இருக்கும். முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுகிறேன்.

இப்படிக்கு,
சிவக்கொழுந்து


உ
சிவமயம்

சண்டிலிப்பாய்
14.02.2025

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

நீங்கள் நேராகக் கேட்டது எனக்கு ஆறுதல். நானும் நேராக எழுதுகிறேன்.

காணியைத் தந்தோம், மனம் நிறையத் தந்தோம். தண்ணீரைத் தரவில்லை. அது தருவதற்கு எங்களுடையதும் இல்லை.

இடிந்த வீட்டுக் கல் பூமிக்குள்ளிருந்து வந்தது, பூமிக்குள் போனது. அதனால் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் நிலத்துக்குக் கீழே இருப்பது முழுவதும் ஓட்டை விழுந்த சுண்ணாம்புக்கல். இவர் தோட்டத்துக்கு மிசின் போட்டு இறைக்கும் நாட்களில் எங்கள் கிணற்றில் தண்ணீர் இறங்குமல்லவா? அதே நேரம் போய்ப் பார்த்தால் பாழ்கிணற்றிலும் இறங்கியிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் எந்தக் கல்லில் நிற்கிறது என்று பார்த்துக் குறித்து வைப்பது என் பழக்கம். எத்தனையோ வருடமாகப் பார்த்துவிட்டேன். "ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளையள்" என்று இவர் சிரிப்பார். வேலி எங்களுக்குத்தான். தண்ணீருக்கு வேலி இல்லை.

பனல் நல்ல சாமான்தான். நான் அதைக் குறை சொல்லவில்லை. எங்கள் கூரையிலும் மருமகன்தான் பூட்டித் தந்தார், வெளிச்சம் போட்டதற்குக் கணக்குப் பார்த்துப் பயந்த காலம் போய்விட்டது. ஆனால் இருபத்தைந்து வருட உத்தரவாதம் கூரையில் முழுதாக இருக்கும் பனலுக்கு. தென்னை விழுந்து நொறுங்கி, சட்டம் கழற்றி, தண்ணீருக்குள் எறிந்ததற்கு எந்தக் கொம்பனி உத்தரவாதம் எழுதித் தரும்?

இனி எழுதப்போவது உங்களுக்கு மனவருத்தம் தரும். வேறு ஆட்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது நல்லது. தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறார்களாம், நாளெடுக்கும். முடிவு வரும்வரை பிள்ளையாருக்குக் குடம் அனுப்புவதை நிறுத்திவிட்டேன்.

நேற்றுக் காலை ஐயர் வந்தபோது, "ஐயா, கொஞ்ச நாளைக்கு எங்கடை கிணத்துத் தண்ணி வேண்டாம்" என்றேன்.

"ஏனம்மா, துடக்கோ?" என்றார்.

ஓம் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். உறவுக்குள் எங்கேயோ ஒரு செத்தவீடு என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். சாமிக்குப் போகிற தண்ணீரை நிறுத்த, சாமியின் ஆளிடமே பொய் சொல்வதா?

"துடக்கில்லை ஐயா. பக்கத்துக் கிணத்துக்குள்ளை உடைஞ்ச சோலர் பனல் கிடக்கு. தண்ணியைச் சோதிச்சு முடிவு வந்தாப் பிறகு தாறன்."

அப்போது தண்ணீர் அள்ள வந்த கீர்த்திகா வாளியோடு நின்றாள். "அப்ப நாங்கள், அக்கா? நாங்கள் பிள்ளையாரிலும் பாக்கக் குறைஞ்ச ஆக்களோ?" என்று கேட்டாள். நான் வெட்கப்பட்டுப் போனேன். அன்றே ஒழுங்கையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இப்போது பவுசர் லொறியில் வரும் தண்ணீரைப் பிடிக்கிறார்கள்.

இவருக்கு என்மேல் மனக்குறை. "சம்பந்தி வீட்டோடை ஏனப்பா வில்லங்கம்?" என்றார். வில்லங்கம் கிணற்றுக்குள் கிடக்கிறது, நான் கொண்டுவரவில்லை என்றேன்.

உங்கள் மனம் நோகும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அன்புடன்,
வசந்தினி


கரவெட்டி
27.02.2025

திருமதி வசந்தினி சோமசேகரம் அவர்களுக்கு,

நேற்றுச் சிவராத்திரி. முழித்திருந்து உங்களைப் பற்றியே யோசித்தேன். சிவனைப் பற்றி யோசிக்க விடவில்லை நீங்கள்.

துடக்கு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே! பிள்ளையார் என்ன, உங்கள் உறவுமுறைகளை எண்ணிப் பார்க்கவா போகிறார்? ஒரு சொல்லை விழுங்கி என் பிள்ளையின் பெயரை ஊருக்குள் துப்பிவிட்டீர்கள்.

சண்டிலிப்பாயில் சோலர் பூட்டக் கேட்டிருந்த இரண்டு வீட்டார் இப்போது வேண்டாம் என்கிறார்களாம். மருதனார்மடச் சந்தையில் ஒருத்தன் எல்லாருக்கும் முன்னால், "என்ன தம்பி, கிணத்துக்குள்ளை எத்தினை யூனிற் ஓடுது?" என்று கேட்டானாம். அதைச் சொல்லும்போது இவன் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை, அழவேண்டிய இடத்தில் சிரித்துப் பழகியவன்.

நிவேதனாவும் அவனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை என்று கேள்வி. உங்கள் தண்ணீர் நல்லதாக இருந்து, உங்கள் பிள்ளையின் வாழ்க்கை கெட்டால் சந்தோஷமா?

எனக்கு இனி எழுதவேண்டாம்.

சிவக்கொழுந்து


உ
சிவமயம்

சண்டிலிப்பாய்
05.04.2025

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். இந்த ஒரு செய்தியை மறைத்தால் நான் நேர்மையில்லாதவள் ஆவேன். அதனால் எழுதுகிறேன்.

சோதனை முடிவு வந்துவிட்டது. தண்ணீர் நல்லது. ஈயம் இருக்கக்கூடிய அளவுக்கு எவ்வளவோ கீழே. மருமகன் சொன்னதுதான் சரி, இதுவரை ஒன்றும் கரைந்து எங்கள் கிணற்றுக்கு வரவில்லை. முடிவு வந்த அன்றே ஐயரிடம் போய்க் கடதாசியைக் காட்டினேன். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்த சனத்துக்கு முன்னால், "என்ரை மருமகன் சொன்னதிலை பிழையில்லை, தண்ணி நல்லாய் இருக்கு" என்று சத்தமாகச் சொன்னேன். சத்தமாகக் கதைத்து எனக்குப் பழக்கமில்லை. கீர்த்திகா வீடு, மற்ற வீடுகள் எல்லாவற்றுக்கும் படலை படலையாகப் போனேன். அடுத்த நாளிலிருந்து குடமும் போகிறது, வாளிகளும் வருகின்றன. சோலர் வேண்டாம் என்ற ஒரு வீட்டார் மருமகனைத் திரும்பக் கூப்பிட்டதாக நிவேதனா சொன்னாள்.

"அம்மாவுக்கு இப்ப திருப்தியோ எண்டு அவர் கேக்கிறார்" என்றாள்.

"ஓம், இண்டைக்குத் திருப்தி" என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இண்டைக்கெண்டா? பேந்தும் என்னம்மா?"

உங்களுக்கும் அதே கேள்வி வரும். நல்ல தண்ணீரைத்தான் காப்பாற்ற முடியும், சம்பந்தி அம்மா. கெட்டபிறகு கிணற்றை இறைக்கலாம், கழுவலாம். கீழே இருக்கும் கல்லை யார் கழுவுவது? அந்தத் தகடுகள் ஒரு மழைக்காலத்தைத்தான் கண்டிருக்கின்றன. விளிம்புகள் பிரிந்து வருவதை நான் வாழையடியில் நின்று பார்க்கிறேன். இன்னும் எத்தனை மழைக்கு நல்ல முடிவு வரும் என்று ஒவ்வொரு முறையும் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆவணியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது எடுக்கப்போகிறேன். மருமகன் வந்தால் அவருடைய வேலையை அவரே முடித்த பெருமை அவருக்கு. வராவிட்டால் இவரும் நானும் ஒழுங்கைச் சனமும் எடுப்போம். கயிறும் கப்பியும் இருக்கின்றன. யாரையும் அவமானப்படுத்துவதற்காக அல்ல. அடுத்த கார்த்திகை மழை அந்தக் கிணற்றில் விழும்போது அதற்குள் கண்ணாடி இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நிவேதனாவும் மருமகனும் முகம் பார்க்கிறார்கள். நேற்று இரண்டு பேரும் சேர்ந்தே என்னோடு கதைக்காமல் இருந்தார்கள். அந்த ஒற்றுமை எனக்குப் போதும்.

வரப்போகும் சித்திரைப் புத்தாண்டு உங்களுக்கு நோவில்லாத ஆண்டாக இருக்கட்டும்.

அன்புடன்,
வசந்தினி


கரவெட்டி
12.06.2025

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இன்று எழுதுகிறேன். இதை நிவேதனாவிடமும் சொல்லவேண்டாம்.

இங்கே சோழகக் காற்று. தோட்டப் புழுதியெல்லாம் என் கூரைப் பனலில். புழுதி பிடித்தால் கரண்ட் குறையும், தண்ணீர் அடித்துக் கழுவுங்கோ என்று ஜெயரூபன் சொல்லி வைத்திருக்கிறான். முதலில் மெயினை நிறுத்தவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறான். நான் மெயினையும் நிறுத்தி, சுவரில் அவன் பூட்டிய இன்வேர்ட்டர் பெட்டியின் சுவிச்சையும் நிறுத்திவிட்டுத்தான் குழாயை எடுத்தேன். தண்ணீர் அடித்து முடித்து, விளிம்பில் இருந்த எச்சத்தைச் சுரண்டலாம் என்று இரும்பு ஏணியைச் சாத்தி இரண்டாம் படியில் ஏறிச் சட்டத்தைப் பிடித்தேன். பிறகு நான் நிலத்தில் இருந்தேன். கை தோள்மூட்டுவரை விறைத்துப் போயிற்று. வாயில் இரும்பு ருசி.

மெயின் நிறுத்தித்தான் இருந்தது. திரும்பவும் போய்ப் பார்த்தேன்.

நல்லகாலம், வாழைப் பாத்திக்குள் விழுந்தேன். எலும்பு முறியவில்லை. அவனுக்குச் சொல்ல எனக்குப் பயம். அவன் முதன்முதலாகப் பூட்டிய சோலர் இது. வருகிற ஆட்களுக்கெல்லாம் "எங்கடை அம்மா வீட்டைப் போய்ப் பாருங்கோ" என்று காட்டுகிறவன். இதையும் கேட்டால் உடைந்துபோவான்.

நீங்கள் இதைப் பற்றியெல்லாம் படிக்கிறவர். மெயினை நிறுத்தியும் ஏன் அடித்தது? நாளைக்கு உடுப்புக் காயப்போடவேண்டும், கொடிக்கம்பி அந்தக் கூரையைத் தாங்கும் இரும்புத் தூணில்தான் கட்டியிருக்கிறது. தொடலாமா?

சிவக்கொழுந்து


சண்டிலிப்பாய்
14.06.2025, காலை

அன்புள்ள கொழுந்தக்கா,

தொடாதேங்கோ. கொடிக்கம்பி, தூண், ஏணி, குழாய் ஒன்றையும் தொடவேண்டாம். கூரைக்குக் கிட்டவும் போகவேண்டாம். ஆடுமாடு நின்றால் அவிழ்த்துத் தூரக் கட்டச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் எமில்ராஜ், குருநகர்ப் பக்கத்து வயர் வேலைக்காரர். கீர்த்திகா வீட்டு வேலை இவர்தான் செய்தார், நம்பலாம். தபாலில் போட்டால் திங்களாகும், தொலைபேசியில் சொன்னால் ஒழுங்கைக்கே கேட்கும், அதனால் விடியவே இவரை மோட்டார் சைக்கிளில் அனுப்புகிறேன்.

மெயினை நிறுத்தினால் வீட்டுக்குள் வரும் கரண்ட்தான் நிற்கும். பனலுக்கு வெயில்தான் சுவிச். வெயில் படும்வரை அது உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பனலிலிருந்து பெட்டிவரை வரும் வயரில் எங்காவது காயம் இருந்து, தண்ணீரும் பட்டால், இரும்பெல்லாம் கரண்ட். எங்களுக்கு மெயினை நிறுத்தினால் எல்லாம் செத்துவிடும் என்ற நினைப்பு, மின்சாரசபைக் கரண்டில் பழகியதால் வந்தது. பெட்டியோடு வந்த இங்கிலிஷ் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தபோதுதான் எனக்கும் விளங்கியது. விளங்கிய அன்றே உங்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

கையை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நெஞ்சையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்று வீட்டில் இருக்கவேண்டாம்.

எமில்ராஜ் உங்கள் மகனுக்குச் சொல்லமாட்டார், நானும் சொல்லமாட்டேன். ஆனால் அக்கா, நீங்கள் சொல்லவேண்டும். அவர் பூட்டிய வீடுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அங்கேயும் யாராவது ஏணி வைப்பார்கள்.

வசந்தினி


கரவெட்டி
02.07.2025

அன்பு மச்சாள்,

இனி இப்படித்தான் கூப்பிடுவேன். சம்பந்தி என்றால் ஏதோ கலியாணக் கடதாசி எழுதுகிற மாதிரி இருக்கிறது.

நெஞ்சைப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. கையில் பழைய பலம் திரும்பிவிட்டது, நேற்று மா இடித்தேன்.

எமில்ராஜ் கூரையில் ஏறாமலே கண்டுபிடித்துவிட்டான். அணில் வயரைக் கடித்து உரித்திருக்கிறது. உரித்த இடம் சட்டத்தில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சட்டத்துக்கு நிலத்தோடு கம்பி இழுத்து எர்த் கொடுக்கவுமில்லை. அவன் கறுத்தப் படங்கு போட்டு மூடிக்கொண்டிருக்கும்போதே நான் ஜெயரூபனைக் கூப்பிட்டேன். நீங்கள் எழுதியதற்காகத்தான் கூப்பிட்டேன். இல்லாவிட்டால் மூடி மறைத்திருப்பேன்.

வந்தவன் எமில்ராஜைக் கண்டதும் கொதித்தான். "வேறை ஆளை ஏன் கூப்பிட்டனீங்கள்? நான் செத்தே போனன்?"

"நீ சாகேல்லை. நான்தான் சாகப் பாத்தன்" என்றேன். விழுந்த இடத்தைக் காட்டினேன். வாழை முறிந்து கிடந்தது.

அவன் ஏணியைத் தானே எடுத்துப்போய்த் தூரப் போட்டான். பிறகு வாழைப் பாத்தியில் குந்திக்கொண்டு, "எர்த் கம்பி பிறகு இழுப்பமெண்டு விட்டனான் அம்மா. மறந்து போச்சுது" என்றான். எமில்ராஜ் நல்ல மனிதன். கேட்காத மாதிரிப் படங்கைக் கட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது இரண்டு பேரும் சேர்ந்து முந்திப் பூட்டிய வீடுகளுக்கெல்லாம் போய்ப் பார்த்துவருகிறார்கள். ஆவணியில் கிணற்றுக்கு வரச்சொல்லி நான் அவனுக்குச் சொல்லவில்லை. "நீ போகாட்டி நான் பஸ்ஸிலை போய்க் கயிறு பிடிப்பன்" என்று மட்டும்தான் சொன்னேன்.

சிவக்கொழுந்து


உ
சிவமயம்

சண்டிலிப்பாய்
08.09.2025

அன்புள்ள மச்சாள்,

உங்கள் முழங்கால் வீக்கத்தால் நீங்கள் வரமுடியாமல் போனது எனக்குக் குறைதான். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மருமகன் வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார், ஆனால் வந்தார். பாழ்கிணற்றுக்குள் காற்று எப்படி என்று பார்க்க இவர் முதலில் விளக்கைக் கயிற்றில் இறக்கினார். அணையவில்லை. மருமகன் சப்பாத்தும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு தானே இறங்கினார். எமில்ராஜ் மேலே நின்று, வருகிற ஒவ்வொரு தகட்டையும் முகம் கீழே பார்க்கக் கிடத்தி, ஈரச்சாக்கில்லை, காய்ந்த சாக்காகப் பார்த்து மூடினார். உடைந்த பனலும் வெயிலைக் கண்டால் வேலை செய்யுமாம். இந்தப் பிடிவாதம் யாருக்கு இருக்கிறது என்று இவர் என்னைப் பார்த்தார்.

மேலே கிடந்தவை தகடு தகடாக வந்தன. அடியில் கிடந்தவை நொறுங்கிக் கற்கண்டு மாதிரிச் சேற்றோடு கலந்திருந்தன. பின்னேரமாயிற்று. மருமகன் உள்ளேயிருந்து கத்தினார்.

"இனி ஏலாது! மிச்சம் எல்லாம் தூள். ரெண்டு லோட் மண் கொட்டி மூடி விடுவம்!"

இவரும் சரி என்கிற மாதிரித் தலையாட்டினார். கீர்த்திகாவும் களைத்துப் போய்க் கிணற்றுக்கட்டின்மேல் இருந்துவிட்டாள்.

"மூடினால் எங்கடை கண்ணுக்குத்தான் மறையும் தம்பி. சேத்தோடை அள்ளுவம்" என்றேன்.

"எவ்வளவு சேறு தெரியுமே மாமி?"

"தெரியாது. அள்ளினாத்தான் தெரியும். களைப்பெண்டா நீங்கள் ஏறுங்கோ, நான் இறங்கிறன்."

நான் சேலையை இழுத்துச் செருகியதைப் பார்த்து நிவேதனா, "ஐயோ, இவ இறங்கிப்போடுவா! நீங்கள் அள்ளுங்கோ!" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். உள்ளேயும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த நாளும் அள்ளினோம். அடிக்கல் வெள்ளையாகத் தெரியும்வரை அள்ளினோம். உங்கள் பிள்ளைக்குக் கையில் ஒரு வெட்டு, மருந்து கட்டியிருக்கிறது, பயப்படவேண்டாம்.

எல்லாவற்றையும் உரப்பைகளில் கட்டி, எங்கள் கொட்டிலுக்குள் சீமெந்துத் தரையில் வைத்தோம். மற்ற சோலர்க்காரரிடமும் உடைந்தவை கிடக்குமே என்று மருமகன்தான் யோசித்து எல்லாருக்கும் கூப்பிட்டார். ஒரு லொறி சேர்ந்தது. சனிக்கிழமை கொழும்புக்குப் போயிற்று.

மழை வந்து ஓய்ந்தபின் தண்ணீரைத் திரும்பச் சோதிப்பேன். இரண்டாம் நாள் மருமகன் எங்கள் குசினியில் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போது ஏதோ சொல்ல வந்தார், சொல்லவில்லை. என்ன என்று நான் கேட்கவில்லை. உங்களிடம் சொல்லக்கூடும்.

அன்புடன்,
வசந்தினி


கரவெட்டி
17.09.2025

அன்பு மச்சாள்,

சொன்னான்.

உங்கள் கிணறு மட்டும் இல்லை. வடமராட்சிப் பக்கத்தில் மாற்றிய பனல்களை அவன் உடுப்பிட்டியில் ஒரு பாழ்வளவுக் கிணற்றுக்குள் போட்டிருக்கிறான். வளவுக்காரர் வெளிநாட்டில். "அங்கை ஒருத்தரும் கேக்கேல்லை அம்மா" என்றான். கேட்க வசந்தினி அங்கே இல்லை, அதுதான் என்றேன்.

முழங்காலைப் பார்த்தால் ஒன்றும் நடக்காது என்று நேற்று ஓட்டோ பிடித்துப் போனேன். அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கிணறு பற்றைக்குள் இருக்கிறது. எட்டிப் பார்த்தேன், வெயிலுக்குக் கண்ணாடி மினுங்கியது. வேலிக்கு அடுத்த பக்கம் ஒரு வீடு. ஒரு பெண், நம் நிவேதனாவின் வயதிருக்கும், என்னைக் கண்டு, "வெயிலுக்கை நிக்கிறியளே அம்மா, ஆரைத் தேடுறியள்?" என்று படலையைத் திறந்தா. கதிரை எடுத்துப் போட்டா. தன் கிணற்றில் அள்ளி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தா.

குடித்தேன். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

குடித்துவிட்டுத்தான் சொன்னேன். அந்தக் கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று சொன்னேன். போட்டவனின் தாய் நான் என்றும் சொன்னேன். அவ என்னை ஏசுவா என்று பார்த்தேன். செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா. நான் படலையடியில் நின்று, "எடுத்துப்போடுவம் பிள்ளை, வாற கிழமை புதன் வாறம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். கேட்டதோ தெரியாது.

வளவுக்காரரோடு ஜெயரூபனைக் கொண்டே பேச வைத்தேன். ஓம் என்றுவிட்டார்கள். அவன் முதலில், "ஆருக்கும் தெரியாமல் ஒரு விடியக் காலமை எடுத்துப்போடுவம் அம்மா" என்றான். இல்லை, பகலில், அந்தச் சனம் பார்த்துக்கொண்டு நிற்க எடுக்கவேண்டும் என்றேன். அவர்கள் கிணற்றுத் தண்ணீரை உங்களைப் போலவே சோதிக்கவும் கொடுக்கவேண்டும். எங்கே கொடுப்பது என்று எழுதி எடுத்து வாருங்கள்.

வருகிற புதன்கிழமை காலை தொடங்குகிறோம். எமில்ராஜும் வருகிறான். நீங்கள் வரவேண்டும். கப்பியும் கயிறும் உங்களுடையதுதான் நல்லது, இங்கே உள்ளது உக்கல். சாக்கு நிறையக் கொண்டு வாருங்கள். சாப்பாடு நான் கட்டிக்கொண்டு வருவேன்.

குடிக்கத் தண்ணீர் கொண்டுவரவேண்டாம். அந்தப் பிள்ளையின் கிணற்றில் அள்ளித்தான் நான் குடிப்பேன். ஜெயரூபனும் குடிப்பான்.

உங்கள் மச்சாள்,
சிவக்கொழுந்து